சும்மா ஒரு ரயில் பயணம்

"ரெண்டு பேரும் காலங்கார்த்தால எங்கே கிளம்பிட்டீங்க?" என்றார் என் கணவர், நான் புளியோதரையை டப்பாவில் அடைப்பதைப் பார்த்துவிட்டு.

"ஸ்டேஷன் பார்க்கப் போறோம்."

"எந்த ஸ்டேஷன்?"

"இன்னும் முடிவு பண்ணலை. எங்கே தோணுதோ அங்கே இறங்குவோம்."

பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஊர்ல எல்லாரும் ட்ரெயின் பிடிக்க ஸ்டேஷனுக்குப் போவாங்க. நீங்க ஸ்டேஷனைப் பார்க்க ட்ரெயின் பிடிக்கிறீங்களா? நல்லாயிருக்கு!" என்று சிரித்தார். சிரிக்கட்டும். மதியத்துக்கு அவருக்கும் புளியோதரைதான்.

இது நானாக யோசித்த யோசனை இல்லை. என் நாத்தனாருடையது. எங்களுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். முப்பது வருடம் குரோம்பேட்டையில் ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ஆபீஸ் போய் வந்தவள். 2019-ல் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டாள். அவள் கணவர் தவறி மூன்று வருடமாகிறது. மகன் பெங்களூரில். "தனியா எத்தனை நாள்தான் இருப்பே, இங்கே வந்துடும்மா" என்று அவன் நச்சரித்து, கடைசியில் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்வதென்று முடிவாகிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் வந்தவள், "அண்ணி, போறதுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா ட்ரெயின்ல போயிட்டு வரலாமா? ஒரு வேலையும் இல்லாம?" என்று கேட்டாள்.

ஒரு வேலையும் இல்லாமல்! 1988-ல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். இத்தனை வருடத்தில் வேலை இல்லாமல் நான் ரயில் ஏறியதே இல்லை. மாம்பலத்தில் துணி எடுக்க, எழும்பூரில் யாரையாவது ஆஸ்பத்திரியில் பார்க்க, நுங்கம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். இறங்கியதும் வேகவேகமாக நடை, முடிந்ததும் வேகவேகமாகத் திரும்பி வருவது, பால் காய்ச்ச நேரமாகிவிடுமே என்று. நம் வாசகிகளில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

2025 ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை. ஆபீஸ் கூட்டம் எல்லாம் போய்ச் சேரட்டும் என்று பத்தரை மணிக்குக் கிளம்பினோம். பீச் போகிற வண்டியில் லேடீஸ் பெட்டி பாதி காலி. இருவருக்கும் ஜன்னல் சீட்டு, எதிரெதிரே. ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மின்சார ரயில் டிக்கெட்டில் நடுவில் இறங்கி, ஊர் பார்த்துவிட்டு, அதே டிக்கெட்டில் மறுபடி ஏற முடியாது. அதனால் ஒவ்வொரு இடத்திலும் அடுத்து இறங்கும் ஸ்டேஷனுக்குத் தனியாக டிக்கெட் வாங்கிக்கொண்டோம். ஐந்து ரூபாய், ஐந்து ரூபாயாகத்தான் போனது. நாங்கள் காத்திருந்தபோது ஏசி ரயில் ஒன்று கடந்து போனது. 2025 ஏப்ரலில்தான் அதை விட்டார்கள். பளபளவென்று இருந்தது. ஏறி உட்கார்ந்தாலே குறைந்தது 35 ரூபாய். எங்களுக்கு அன்று முழுவதும் ஆன டிக்கெட் செலவே தலைக்கு அவ்வளவுதான். தவிர, அதில் ஜன்னலைத் திறக்க முடியாது. காற்று முகத்தில் அடிக்காவிட்டால் அது என்ன ரயில்?

வண்டி நகர்ந்ததும் நாத்தனார் பேச ஆரம்பித்தாள். ரயில் ஏறினால் அவள் வேறு ஆளாகி விடுகிறாள் என்பதை அன்றுதான் பார்த்தேன். வீட்டில் அளந்துதான் பேசுவாள்.

"குரோம்பேட்டைன்னு ஏன் பேர் வந்துச்சு தெரியுமா அண்ணி?"

தெரியாது. இத்தனை வருடமாக முகவரியில் எழுதுகிறேன், யோசித்ததே இல்லை. சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் இங்கே குரோம் லெதர் கம்பெனி என்று தோல் தொழிற்சாலை நடத்தினாராம். குரோம் என்பது தோல் பதனிடுகிற ஒரு முறை. அதுவே ஊர்ப் பெயராகிவிட்டது. இந்தப் பக்கம் அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். அது 1928-ல் டாக்டர் சவுரிமுத்து ஆரம்பித்த காசநோய் ஆஸ்பத்திரியின் பெயர். அந்தப் பக்கம் பல்லாவரம். அங்கேதான் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்பவர் கற்கால மனிதன் செய்த கல் கோடரியைக் கண்டெடுத்தார். பல்லாவரத்தில் நான் கண்டெடுத்தது வெள்ளிக்கிழமைச் சந்தையில் மலிவான பூச்செடிகள் மட்டும்தான்!

முதலில் திரிசூலத்தில் இறங்கினோம். வேண்டுமென்றுதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் விமான நிலையம். மேம்பாலப் படியில் ஏறி நின்றால் காற்று ஜில்லென்று வருகிறது. ஒரு விமானம் தாழ்வாக வந்து இறங்கியது. சக்கரம்கூடத் தெரிந்தது. எனக்கு விமானத்தில் ஏறின அனுபவம் இல்லை. வாய் பிளந்து நின்றேன் போலிருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு படி ஏறி வந்த ஒரு பையன், "வழி விடுங்க ஆன்ட்டி" என்றான். இருபது நிமிடம் நின்றிருப்போம். யாரும் எங்களைத் தேடவில்லை, செல்போன் அடிக்கவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரியாக இருந்தது.

மாம்பலத்தில் இறங்குவதில்லை என்று முன்கூட்டியே சபதம். இறங்கினால் ரங்கநாதன் தெரு விடாது, கையில் நாலு பையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். 2023-லிருந்து ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரைக்கும் ஆகாய நடைபாதை வேறு போட்டிருக்கிறார்கள். வண்டி நின்றபோது இருவரும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அடுத்து எழும்பூர். எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். கல்யாணமான புதிதில் ஊரிலிருந்து வருகிற ரயில்களெல்லாம் மீட்டர் கேஜ். எழும்பூர்தான் கடைசி ஸ்டேஷன். ஆனால் குரோம்பேட்டைக்காரர்கள் யாரும் எழும்பூர் வரை போக மாட்டோம். விடியற்காலையில் தாம்பரத்திலேயே மூட்டை முடிச்சோடு இறங்கிவிடுவோம். அதனால், சொன்னால் சிரிப்பீர்கள், எழும்பூர் ஸ்டேஷனின் முன்பக்கத்தை நான் நின்று பார்த்ததே இல்லை. மறுசீரமைப்பு வேலைக்காக அங்கங்கே தகரத் தடுப்பு போட்டிருந்தார்கள். இருந்தாலும் அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டடமும் கும்பட்டங்களும் கண்ணுக்குத் தப்பவில்லை. 1908-ல் திறந்தது. ஹென்றி இர்வின் என்ற பொறியாளர் வரைபடம் போட, பெங்களூரைச் சேர்ந்த சாமிநாத பிள்ளை என்ற ஒப்பந்தக்காரர் கட்டியிருக்கிறார். அரண்மனைக்கு யாராவது தண்டவாளம் போடுவார்களா என்று கேட்கத் தோன்றும்.

இந்த இடத்தில் ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். அன்று நாங்கள் போன ஒரு ஸ்டேஷனில் (பெயர் வேண்டாம்) பெண்கள் கழிவறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார். கால் மணி நேரம் அலைந்தோம். "முப்பது வருஷமும் இதே கதைதான் அண்ணி. ஆபீஸ் நாள்ல தண்ணியே குடிக்க மாட்டேன்" என்றாள் நாத்தனார், சாதாரணமாக. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பாள். அப்படி ஒரு தாகமா என்று நாங்களெல்லாம் கேலி செய்திருக்கிறோம். என் மாமியார்கூட.

பீச் ஸ்டேஷனில் மதியச் சாப்பாடு. பெயர்தான் பீச், பீச்சைக் காணோம். எதிரே பர்மா பஜாரும் ராஜாஜி சாலை இரைச்சலும்தான். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் அந்தச் சாலை ஓரம் வரை கடல் இருந்ததாம். துறைமுகம் வந்தபின் கடல் தள்ளிப் போய்விட்டது. ஸ்டேஷன் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பிளாட்பாரக் கோடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரை, தயிர்சாதம், மாவடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவுக்கும் ஒரு கை கொடுத்தோம். "காரம் பத்தலையே" என்றார்!

சாப்பிட்டுக்கொண்டே நாத்தனார் பழைய கதைகளை எடுத்தாள். இந்த பீச்-தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. குறுகலான மீட்டர் கேஜ் வண்டி. 2004-ல் நிறுத்துகிறவரை அதில்தான் அவளுடைய பாதி சர்வீஸ். லேடீஸ் பெட்டிக்குள் நடக்காததே இல்லை என்கிறாள். கீரை ஆய்வது, மொச்சை உரிப்பது, புடவைச் சீட்டு, ஊறுகாய் வியாபாரம். அவள் ஏழு மாதமாக இருந்தபோது ரயில் சிநேகிதிகள் எட்டுப் பேர் சேர்ந்து, கிண்டியில் ஆரம்பித்துப் பல்லாவரத்துக்குள் வளையல் போட்டு முடித்தார்களாம். சித்ரான்னம்கூட உண்டாம். நாங்கள் வீட்டில் தடபுடலாகச் சீமந்தம் செய்ததற்கு முந்தின வாரம்! "அந்த வளையலை என்ன பண்ணினே?" என்றேன். "வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி கழட்டி ஹேண்ட்பேக்ல போட்டுட்டேன். அத்தை, அண்ணியெல்லாம் சங்கடப்படுவீங்கன்னு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. மாவடுக் காம்பைக் கிள்ளிப் போட்டேன்.

பீச்சிலிருந்து வடக்கே ஒரே ஸ்டேஷன் தள்ளி ராயபுரம். அதையும் பார்த்துவிடலாம் என்று போனோம். நான் எதிர்பார்க்கவே இல்லை. உயர உயரமான தூண்கள், நீளமான வராண்டா, ஆனால் ஜன நடமாட்டமே இல்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. இந்தியாவில் முதல் ரயில் ஓடிய பம்பாயிலும் தானாவிலும் அந்தக் காலத்து ஸ்டேஷன் கட்டடங்கள் இப்போது இல்லை. அதனால் நாட்டில் இன்றைக்கு நிற்கிற மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இதுதான். நிழலில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. தூணைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ச்சியாக இருந்தது. என் பெண்ணுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "அம்மா, நீயா? தனியாவா?" என்று உடனே பதில். "அத்தையோடு" என்றேன். "நீங்க ரெண்டு பேருமா!!" என்று இரண்டு ஆச்சரியக்குறி. அதற்குக் காரணம் இருக்கிறது.

சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் எங்களுக்குள் ஓர் உள்ளடங்கிய வருத்தம் எப்போதும் உண்டு. அவள் மகனுக்கு மூன்று மாதம் முடிந்ததும் அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். குழந்தை என்னிடம். என் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. பால், பருப்பு சாதம், காய்ச்சல், தடுப்பூசி எல்லாம் நான்தான். அவன் முதலில் நடந்தது எங்கள் வீட்டுக் கூடத்தில்தான். மாதச் சம்பளத்தில் அவள் எனக்குத் தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தருவாள், நல்ல புடவைதான். ஆனாலும் காலையில் அவள் பளிச்சென்று புடவை கட்டி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும்போது, நைட்டியில் நின்று கொண்டு டாட்டா காட்டுவது எனக்கு எப்படி இருந்திருக்கும்! அவளுக்கோ, பிள்ளை என்னைப் பார்த்து "அம்மா" என்று ஓடி வந்ததை மறக்க முடியவில்லை. இதெல்லாம் நாங்கள் ஒருநாளும் வாய் விட்டுப் பேசியதில்லை.

நாலரை மணிக்குத் திரும்பி வந்து பார்க் ஸ்டேஷனில் இறங்கினோம். வெளியே ரிப்பன் மாளிகை, அதைத் தாண்டி சென்ட்ரல். "டீ சாப்பிட்டுட்டு வந்து உட்காரலாம்" என்றாள். குரோம்பேட்டைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வந்தோம். அவள் நேராக நடந்து, ஒரு தூணுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். "பெஞ்சை மாத்திட்டாங்க. அப்ப கல் பெஞ்சு. ஆனா இடம் இதேதான்."

"எதுக்கு இடம்?"

கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"அண்ணி, ஆபீஸ் விட்டு வந்ததும் எனக்கு அஞ்சே முக்காலுக்கு ஒரு வண்டி கிடைக்கும். அதுல ஏற மாட்டேன். அதை விட்டுட்டு, அடுத்ததையும் விட்டுட்டு, இருபது நிமிஷம் இங்கே உட்கார்ந்திருப்பேன். ஒண்ணும் பண்ண மாட்டேன். புஸ்தகம்கூட கிடையாது. அதுக்கப்புறம்தான் வீட்டுக்கு வருவேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. "தினமுமா?"

"முக்கால்வாசி நாள்."

தினமும் ஏழு மணிக்கு நான் வாசல் கேட்டில் நிற்பேன். அவள் பிள்ளை இடுப்பில் தூங்கி வழிந்துகொண்டிருப்பான். "இன்னிக்கும் வண்டி லேட்டா?" என்று கேட்பேன். "ஆமாம் அண்ணி" என்பாள். வருடக் கணக்கில் நான் ரயில்வேயைத் திட்டியிருக்கிறேன். அவள் டீயை இரண்டு தரம் சுட வைத்திருக்கிறேன்.

சிரித்திருக்கலாம். ஆனால் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் கழித்து, நரைத்த தலையோடு, பொது இடத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்குத் தொண்டை அடைக்கிற மாதிரி ஒரு கோபம்.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா?"

யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது. 'வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கு, பிளாட்பாரத்தில் என்ன உட்காரல்' என்று முதலில் சொல்லியிருப்பவள் நான்தான். மாமியார் இரண்டாவதாகச் சொல்லியிருப்பார்.

"ஆபீஸ்ல ஒருத்தருக்குப் பயந்து, வீட்ல நாலு பேருக்கு முகம் கொடுத்து... நடுவுல இந்த இருபது நிமிஷம்தான் அண்ணி நான் யாருக்கும் ஒண்ணும் இல்லாம இருந்தேன். உங்ககிட்ட பிள்ளையை விட்டுட்டு இப்படி உட்கார்ந்திருக்கோமேன்னு குத்தும். குத்திக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். ஊருக்குப் போறதுக்குள்ள உங்ககிட்ட சொல்லிடணும்னுதான்."

"உனக்காவது ஒரு பெஞ்சு இருந்துச்சு. எனக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான், இந்தக் கேள்வியை இவ்வளவு வருடமாக வைத்திருந்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

அவள் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்? பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள். இருவரும் சாப்பிட்டோம். என் கண் கொஞ்சம் கலங்கியது. அவளுக்கும். ஆபீஸ் விட்ட பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். தோளில் பை, காதில் ஏதோ ஒயர், ஒவ்வொருத்தியும் ரயில் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு. முப்பது வயதுக்குள்ளான ஒரு பெண் செல்போனில் "கிளம்பிட்டேன், வந்துடறேன்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

தாம்பரம் வண்டி வந்தது. லேடீஸ் பெட்டி சரியாக எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. அவள் கணக்கு இன்னும் தப்பவில்லை. கூட்டம் இருந்தாலும் முண்டியடித்தால் ஏறிவிடலாம். அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "வாங்க அண்ணி" என்று கை நீட்டினாள்.

நான் எழுந்திருக்கவில்லை.

"இது போகட்டும்" என்றேன்.

"அண்ணனுக்கு ராத்திரி டிபன்?"

"மாவு இருக்கு. தோசை வார்த்துக்கத் தெரியும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தாள். வண்டி போனது. அடுத்ததும் வந்து போனது. அந்த நேரத்தில் என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றுமில்லை. முறுக்கு தீர்ந்தது, பொட்டலக் காகிதத்தை அவள் நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும்போது மணி எட்டடிக்கப் பத்து நிமிடம். கேட்டில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் இவ்வளவு நேரம், வண்டி லேட்டா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஆமாம்" என்றேன்.

— ஒரு வாசகி, குரோம்பேட்டை